ஒரே ஆறு, மூன்று மாவட்டம்: சென்னை வட்டாரத்து வெள்ளமும் வறட்சியும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் தாம்பரத்தை அடுத்த முடிச்சூர்ப் பக்கம் குடியிருப்பவன். ஐப்பசி பிறந்து வானம் இருட்ட ஆரம்பித்ததும் எங்கள் குடியிருப்போர் சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் அதே கேள்விகள் திரும்பத் திரும்ப வரும். "செம்பரம்பாக்கம் எத்தனை அடி?", "ஆதனூர் ஏரி நிரம்பிடுச்சா?", "இதுக்கு யார் பொறுப்பு, தாம்பரமா, காஞ்சிபுரமா?" வருஷா வருஷம் ஒவ்வொருவருக்காகப் பதில் தட்டிக்கொண்டிருப்பதைவிட, தெரிந்ததை ஒரே இடத்தில் எழுதிவைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். எல்லாக் கேள்விக்கும் அடியில் ஓடுவது ஒரே விஷயம்தான். மழையும் ஆறும் ஒரு வட்டாரம் முழுமைக்கும் பொது. நாம் திட்டம் போடுவது மட்டும் மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சி என்று துண்டு துண்டாக.

காலநிலை மாற்றத்தைச் சமாளிக்க "வட்டார அளவில் சேர்ந்து திட்டமிடுவது" என்கிறார்களே, அப்படியென்றால் என்ன?

ஒரு மழைக்கு நனைகிற ஊர்கள் எல்லாம் ஒரே கணக்கை வைத்துக்கொண்டு வேலை செய்வது. மேலே இருக்கிற ஊர் கால்வாயை அகலப்படுத்தினால் தண்ணீர் கீழே இருக்கிற ஊருக்குச் சீக்கிரமாகவும் அதிகமாகவும் போய்ச்சேரும். கீழ் ஊருக்கு அது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். அதற்கேற்ற இடம் அங்கே இருக்கவேண்டும். கீழ் ஊர் முகத்துவாரத்தைத் தூர்வாராமல் விட்டால் மேல் ஊரில் வெள்ளம் வடியாது. இதை எல்லாரும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசி, வேலையையும் செலவையும் பங்கிட்டுக்கொள்வதுதான் வட்டாரத் திட்டம்.

நம் வட்டாரம் என்பது எதுவரை?

நிர்வாகக் கணக்கில் சென்னை மாநகராட்சி 426 சதுர கிலோமீட்டர். சென்னைப் பெருநகரப் பகுதி நெடுங்காலம் 1,189 சதுர கிலோமீட்டராக இருந்தது. 2022 அக்டோபரில் அதை 5,904 சதுர கிலோமீட்டராக விரித்தார்கள். சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு, ராணிப்பேட்டையில் ஒரு பகுதி என எல்லாம் அதில் வரும்.

தண்ணீர்க் கணக்கு வேறு. வடக்கிலிருந்து ஆரணி ஆறு, கொசஸ்தலை, கூவம், அடையாறு, தெற்கே கோவளம் பக்கத்து வடிநிலம். இதில் ஆரணி ஆறும் கொசஸ்தலையும் ஆந்திரத்திலிருந்தும் தண்ணீர் வாங்கிக்கொண்டு வருகின்றன. அடையாறு சுமார் 42 கிலோமீட்டர் ஓடும் சின்ன ஆறு. ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளின் உபரிநீரில் தொடங்கி, காஞ்சிபுரம், செங்கல்பட்டு, சென்னை என மூன்று மாவட்டங்களைத் தொட்டுக்கொண்டு பட்டினப்பாக்கம் அருகே கடலில் சேர்ந்துவிடுகிறது. எங்கள் முடிச்சூர் செங்கல்பட்டு மாவட்டம். பக்கத்திலிருக்கும் வரதராஜபுரம் காஞ்சிபுரம் மாவட்டம். 2015இல் இரண்டு ஊரும் ஒன்றாகத்தான் மூழ்கின. மனுக் கொடுக்கப் போகும்போது மட்டும் இரண்டு ஆட்சியர் அலுவலகம், இரண்டு ஊராட்சி ஒன்றியம்.

2015 வெள்ளம் செம்பரம்பாக்கத்தைத் திறந்ததால் வந்ததுதானே?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டும். ஏனென்றால் நம்முடைய பாதித் தவறான புரிதல் இங்கேதான் இருக்கிறது.

அந்த நவம்பரிலேயே சென்னையில் 100 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டி, ஏரிகள் எல்லாம் தளும்பிக்கொண்டிருந்தன. டிசம்பர் 1 காலையிலிருந்து மறுநாள் காலைவரை தாம்பரத்தில் மட்டும் 49 சென்டிமீட்டர். சென்னையின் ஒரு வருஷ மழை சராசரியாக 140 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் ஒரே நாளில் விழுந்துவிட்டது. செம்பரம்பாக்கத்திலிருந்து அன்று இரவு விநாடிக்கு 29,000 கன அடி திறந்தார்கள். ஏரியின் நீர் இருப்பைக் கையாண்ட விதத்தை இந்தியத் தணிக்கைத் துறையின் அறிக்கை கடுமையாகக் குறைசொன்னது. அந்த அறிக்கை 2018இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் ஆட்கள் செம்பரம்பாக்கத்தைச் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் முடிச்சூர்? செம்பரம்பாக்கத்தின் உபரிநீர்க் கால்வாய் அடையாற்றில் சேருவது திருநீர்மலை அருகே. அது எங்கள் ஊருக்குக் கீழே. நாங்கள் மூழ்கியது ஆதனூர், மண்ணிவாக்கம், மணிமங்கலம் என்று மேலே இருக்கும் ஏரிகள் ஒன்றையடுத்து ஒன்று கலங்கல் (ஏரி நிரம்பினால் உபரிநீர் வழியும் இடம்) பாய்ந்ததால். அன்று ராத்திரி நாங்கள் மொட்டைமாடியில்தான் இருந்தோம். எங்கள் தெருவுக்குத் தண்ணீர் முதலில் வந்தது ஆற்றுப் பக்கத்திலிருந்து இல்லை. வீடுகளுக்குப் பின்னால் புதர் மூடிக்கிடந்த ஒரு பழைய வாய்க்கால் வழியாக. டார்ச் அடித்துப் பார்த்தால் பழுப்பு நிறத்தில், சத்தமே இல்லாமல் ஏறிக்கொண்டிருந்தது. அந்த வாய்க்கால் எந்த ஏரியிலிருந்து வருகிறது என்று எங்கள் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. இன்றைக்கும் மழை வந்தால் குழுவில் முதல் கேள்வி "செம்பரம்பாக்கம் எத்தனை அடி?" என்பதுதான். எங்களுக்கு வேண்டிய கேள்வி அது இல்லை.

பெரிய ஏரிக்கு அளவுகோல் இருக்கிறது, கட்டுப்பாட்டு அறை இருக்கிறது, செய்தித்தாளில் தினமும் எண் வருகிறது. அதைச் சுற்றியிருக்கும் நூற்றுக்கணக்கான சின்ன ஏரிகளில் சில நீர்வளத் துறையிடம், சில ஊராட்சியிடம். எது எப்போது நிரம்பிக் கலங்கல் பாயும் என்று மொத்தமாகப் பார்க்க ஒரு கண் வேண்டும். வட்டாரத் திட்டத்தின் முதல் வேலை இதுதான் என்பேன்.

கன அடி, டிஎம்சி என்கிறார்களே, எப்படிப் புரிந்துகொள்வது?

ஒரு கன அடி சுமார் 28 லிட்டர். "விநாடிக்கு 1,000 கன அடி" என்றால் விநாடிக்கு 28,000 லிட்டருக்கு மேல், ஏறத்தாழ இரண்டு பெரிய தண்ணீர் லாரி. 29,000 கன அடி என்றால் விநாடிக்கு 8 லட்சம் லிட்டர். டிஎம்சி என்பது 100 கோடி கன அடி. செம்பரம்பாக்கத்தின் முழுக் கொள்ளளவு 3.645 டிஎம்சி, முழு உயரம் 24 அடி. 2015க்குப் பிறகு மழைக்காலத்தில் ஏரியைப் பெரும்பாலும் விளிம்புவரை விடாமல் 21, 22 அடியளவில் வைத்துக்கொண்டு, வரத்தைப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கிறார்கள்.

உபரிநீர் திறக்கும்போது வரும் எச்சரிக்கை யாருக்கு?

செம்பரம்பாக்கத்தின் 5 கண் மதகையோ 19 கண் மதகையோ திறப்பதற்கு முன் வரும் அறிவிப்பைக் கவனித்துப் படித்திருக்கிறீர்களா? சிறுகளத்தூர், காவனூர், குன்றத்தூர், திருமுடிவாக்கம், வழுதியம்பேடு, திருநீர்மலை, அப்புறம் அடையாற்றின் இரு கரையிலும் தாழ்வான இடங்களில் இருப்பவர்கள் பாதுகாப்பான இடத்துக்குப் போக வேண்டும் என்று இருக்கும். அந்த ஊர்ப் பெயர்களை வரிசையாக வாசித்தால் அது தண்ணீர் போகும் பாதை. காஞ்சிபுரத்தில் தொடங்கி, செங்கல்பட்டுக்குள் நுழைந்து, சென்னையில் முடிகிறது. யாரும் மாவட்ட எல்லையில் நிறுத்தி எழுதுவதில்லை. எழுதினால் அர்த்தமே இருக்காது.

எச்சரிக்கையில் வந்துவிட்ட இந்த ஒழுங்கு, மற்ற வேலைகளிலும் வரவேண்டும். கால்வாய்க்கு அகலம் முடிவு செய்யும்போதும், மனைப்பிரிவுக்கு அனுமதி கொடுக்கும்போதும், சாலை போடும்போதும் இதே ஊர் வரிசையை ஒருவர் கையில் வைத்திருந்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

மாநகராட்சி மழைநீர் வடிகால் கட்டிக்கொண்டே இருக்கிறதே, அது போதாதா?

வடிகால் வேண்டும். பல தெருக்களில் முழங்கால் தண்ணீர் நின்றது போய் இப்போது சில மணி நேரத்தில் வடிகிறது, அதை மறுக்க முடியாது. ஆனால் வடிகால் தண்ணீரைக் கொண்டுபோய் விடுவது ஆற்றிலோ கால்வாயிலோதான். ஆற்றின் மட்டம் வடிகாலின் வாயைவிட உயர்ந்துவிட்டால், தண்ணீர் திரும்பித் தெருவுக்கே வரும். ஆற்றின் மட்டத்தை முடிவு செய்வது மேலே இருக்கும் ஏரிகளும் கீழே இருக்கும் கடலும். இரண்டுமே அந்த வடிகால் ஒப்பந்தத்துக்கு வெளியே.

சென்னையின் பெரிய வடிகால் திட்டங்களுக்கு ஆற்றுப் படுகையின் பெயரைத்தான் வைத்தார்கள். அடையாறு, கூவம் வடிநிலத்துக்கு உலக வங்கிக் கடன், கொசஸ்தலைக்கு ஆசிய வளர்ச்சி வங்கி, கோவளத்துக்கு ஜெர்மனியின் கேஎஃப்டபிள்யூ வங்கி. படுகைவாரியாகப் பிரித்தது சரியான யோசனை. ஆனால் வேலை மாநகராட்சி எல்லையில் நின்றுவிடுகிறது. கோவளம் வடிநிலத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பகுதிக்காரர்கள் எதிர்த்ததையும் நினைத்துப் பாருங்கள். எங்கள் பக்கம் மணல் பூமி, மழை தானாக உள்ளே இறங்கிவிடும், சிமெண்ட் வடிகால் கட்டி நிலத்தடி நீரைக் கெடுக்காதீர்கள் என்றார்கள். விவகாரம் பசுமைத் தீர்ப்பாயம்வரை போனது. களிமண் பகுதிக்குப் போட்ட மருந்தை மணல் பகுதிக்கும் போட முடியாது. இதையும் படுகையை முழுசாகப் பார்ப்பவர்தான் சொல்ல முடியும்.

பள்ளிக்கரணை சதுப்புநிலத்தைப் பற்றி ஏன் எப்போதும் பேசுகிறார்கள்?

மாடம்பாக்கம், செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று தென்பக்கத்து ஏரிகளின் உபரிநீர் வந்து இளைப்பாறும் இடம் அது. அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாய்க்குப் போய், முட்டுக்காடு முகத்துவாரத்தில் கடலைச் சேர்கிறது. அதாவது தாம்பரம் மாநகராட்சி ஏரியில் கிளம்பிய தண்ணீர் சென்னை மாநகராட்சிச் சதுப்பில் தங்கி, மறுபடி செங்கல்பட்டு மாவட்டத்துக் கடற்கரையில் வெளியேறுகிறது. 2022இல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்தது சுமார் 1,247 ஹெக்டேர். ஒரு காலத்தில் சதுப்பு இதைப்போல் பல மடங்கு விரிந்திருந்தது. குப்பைமேடும் குடியிருப்பும் சாலைகளும் அதைத் தின்றுவிட்டன. மிச்சம் இருப்பதையாவது காக்க, ராம்சார் எல்லைக்குள் மட்டும் வேலி போட்டால் போதாது. மேலே இருக்கும் ஏரிகளில் கழிவுநீர் கலப்பதை நிறுத்த வேண்டும். அது வேறு மாநகராட்சியின் வேலை.

காலநிலை மாற்றத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? முன்பும் வெள்ளம் வந்ததே?

வந்தது. ஆனால் காற்று ஒரு டிகிரி சூடேறினால் சுமார் 7 சதவீதம் கூடுதலாக ஈரத்தைப் பிடித்துவைக்கும். அது விழும்போது சேர்ந்தாற்போல் கொட்டித் தீர்க்கிறது. மாதம் முழுக்கப் பெய்ய வேண்டியது இரண்டு நாளில். கடல்மட்டமும் ஏறிவருவதால் முகத்துவாரத்தில் வெள்ளம் வடியும் வேகம் குறையும். புயல் நேரத்தில் கடல் பொங்கி நிற்கும்போது இதை நேரிலேயே பார்க்கலாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கரையைக் கடந்தது ஆந்திரத்தின் பாபட்லா அருகே. தண்ணீரில் மிதந்தது சென்னையும் சுற்றுவட்டாரமும்.

வறட்சிக்கும் வட்டாரத் திட்டம் தேவையா?

வெள்ளத்தைவிட அதிகமாகத் தேவை. சென்னை குடிக்கும் தண்ணீர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பூண்டி, சோழவரம், புழல், தேர்வாய் கண்டிகை எல்லாம் திருவள்ளூர் மாவட்டத்தில். செம்பரம்பாக்கம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். ஐந்தும் சேர்ந்து நிரம்பினால் 11.757 டிஎம்சி. ஒன்றுகூடச் சென்னை மாவட்டத்தில் இல்லை. வீராணம் தண்ணீர் கடலூர் மாவட்டத்திலிருந்து குழாயில் வருகிறது. கிருஷ்ணா ஆற்று நீர் ஆந்திரத்தின் கண்டலேறு அணையிலிருந்து கால்வாயில் வருகிறது.

2019இல் ஏரிகள் வறண்டு வெடித்துக் கிடந்தபோது, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர் கொண்டுவந்தார்கள். ஜூலை 12ஆம் தேதி முதல் ரயில் வில்லிவாக்கம் வந்தது. அது செய்தியாயிற்று. செய்தியாகாதது, திருவள்ளூர், காஞ்சிபுரம் கிராமத்துக் கிணறுகளிலிருந்து ராத்திரி பகலாக ஓடிய லாரிகள். மீஞ்சூர்ப் பக்கம் பல ஆண்டுகளாக உறிஞ்சி உறிஞ்சி, நிலத்தடியில் கடல்நீர் பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது. பட்டணத்துக்குத் தண்ணீர் கொடுத்த விவசாயிக்குக் கிணற்றில் உப்பு. இதைச் சரிசெய்வதும் சென்னையின் கடமைதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஆந்திரத்தோடு ஒத்துழைப்பு எப்படி இருக்கிறது?

நல்லதும் உண்டு, பற்றாததும் உண்டு. கிருஷ்ணா நீரைச் சென்னைக்குக் கொண்டுவரும் தெலுங்கு கங்கைத் திட்டம் நல்லதற்கு உதாரணம். மகாராஷ்டிரம், கர்நாடகம், ஆந்திரம் மூன்றும் தங்கள் கிருஷ்ணா பங்கிலிருந்து தலா 5 டிஎம்சி விட்டுக்கொடுக்க ஒப்புக்கொண்டன. வழியில் ஆவியாகிப் போவது கழித்து 12 டிஎம்சி நமக்கு. 1983இல் ஒப்பந்தம், 1996இல் தண்ணீர் எட்டிப்பார்த்தது. ஒவ்வொரு வருஷமும் முழு அளவு வருவதில்லை. ஆனாலும் நான்கு மாநிலங்கள் ஒரு நகரத்தின் தாகத்துக்காகக் கையெழுத்துப் போட்டது சின்ன விஷயம் இல்லை.

வெள்ள நேரத்தில் பிச்சாட்டூர் அணை திறந்தால் ஆரணி ஆற்றில் ஊத்துக்கோட்டைப் பக்கம் வெள்ளம். கிருஷ்ணாபுரம் அணை திறந்தால் கொசஸ்தலையில் பள்ளிப்பட்டுப் பக்கம் தரைப்பாலங்கள் மூழ்கும். திறக்கும் தகவல் வருகிறது. ஆனால் தகவல் வந்து சேர்வது வேறு, மேலே பெய்யும் மழையையும் அணைக்கு வரும் வரத்தையும் இரு பக்கத்துப் பொறியாளர்களும் ஒரே திரையில் பார்ப்பது வேறு. இரண்டாவதுதான் கரையோரத்தில் இருப்பவர்களுக்கு மூட்டை கட்ட நேரம் தரும்.

எண்ணூர் மீனவர்கள் எதற்கு இந்தக் கணக்கில்?

ஆற்றின் கடைசி மடை அவர்கள். 2023 மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் கலந்து கொசஸ்தலை முகத்துவாரத்தில் படிந்தது. படகு, வலை, அலையாத்தி மரத்தின் வேர் எல்லாம் கறுத்துப்போயின. மேலே எந்தத் தொழிற்சாலையில் என்ன சேமித்துவைத்திருக்கிறார்கள், வெள்ளம் புகுந்தால் அது எங்கே போகும் என்பதும் வெள்ளத் திட்டத்துக்குள் இருக்க வேண்டும். திட்டம் பேசும் மேசையில் முதல் நாற்காலியைக் கடைமடைக்காரருக்குப் போடுங்கள் என்பது என் கோரிக்கை.

இதையெல்லாம் ஒன்றாகப் பார்க்க இப்போது அமைப்பே இல்லையா?

துண்டு துண்டாக நிறையவே இருக்கின்றன. சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம், நீர்வளத் துறை, குடிநீர் வாரியம், மாநகராட்சிகள், வனத்துறை, பேரிடர் மேலாண்மை. 2021 வெள்ளத்துக்குப் பிறகு ஓய்வுபெற்ற ஐஏஎஸ் அதிகாரி வெ. திருப்புகழ் தலைமையில் அரசு ஒரு ஆலோசனைக் குழு அமைத்தது. அதன் இறுதி அறிக்கை 2023இல் முதலமைச்சரிடம் கொடுக்கப்பட்டது. சென்னை மாநகராட்சி 2023 ஜூனில் காலநிலைச் செயல்திட்டம் வெளியிட்டது. தமிழ்நாடு காலநிலை மாற்ற இயக்கத்தின்கீழ் மாவட்டத்துக்கு மாவட்டம் ஆட்சியர் பொறுப்பில் காலநிலை இயக்கம் இருக்கிறது.

நல்ல தொடக்கம். ஆனால் மாவட்ட இயக்கம் மாவட்ட எல்லையில் நிற்கும், மாநகராட்சித் திட்டம் மாநகராட்சி எல்லையில் நிற்கும். அரசியல் சட்டத்தின் 74ஆவது திருத்தம் இதற்கு ஒரு வழி சொல்லியிருக்கிறது. 10 லட்சம் பேருக்கு மேல் வாழும் பெருநகரப் பகுதிக்குப் பெருநகரத் திட்டக் குழு வேண்டும், அதில் மூன்றில் இரண்டு பங்கினரை நகராட்சி உறுப்பினர்களும் ஊராட்சித் தலைவர்களும் தங்களுக்குள் தேர்ந்தெடுக்க வேண்டும். மண்ணிவாக்கத்து ஊராட்சித் தலைவரும் கோட்டூர்புரத்துக் கவுன்சிலரும் ஒரே குழுவில் உட்காரும் நாளைக் கற்பனை செய்து பாருங்கள். கலங்கல் எங்கே, கால்வாய் எங்கே என்று ஊராட்சித் தலைவருக்குத் தெரியும். மூழ்கும் தெரு எது என்று கவுன்சிலருக்குத் தெரியும்.

வேறு எங்காவது இப்படிச் செய்து பார்த்திருக்கிறார்களா?

அமெரிக்காவின் தென்கிழக்கு ஃபுளோரிடாவில் பாம் பீச், பிராவர்ட், மயாமி-டேட், மன்ரோ என்று நான்கு மாவட்டங்கள். அங்கே அவற்றைக் கவுண்டி என்பார்கள். தாழ்வான கடற்கரை, அடியில் சுண்ணாம்புப் பாறை, மழை இல்லாத நாளிலும் கடல் ஏற்றத்தின்போது தெருவில் உப்புத்தண்ணீர் ஊறிவரும் ஊர்கள். 2010இல் நான்கும் சேர்ந்து ஒரு காலநிலை உடன்படிக்கை செய்துகொண்டன. புதிய அரசு அமைப்பு எதையும் உருவாக்கவில்லை. முதலில் செய்தது எளிமையான ஒரு காரியம். கடல்மட்டம் எந்த ஆண்டில் எவ்வளவு உயரும் என்பதற்கு நால்வருக்கும் பொதுவான ஒரு கணக்கு. அதற்கு முன் ஆளுக்கொரு எண்ணை வைத்துக்கொண்டிருந்தார்கள். 2012இல் 110 பரிந்துரைகளோடு வட்டாரச் செயல்திட்டம் வந்தது. சில ஆண்டுகளுக்கொருமுறை கணக்கையும் திட்டத்தையும் புதுப்பிக்கிறார்கள்.

நமக்கு இதில் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த முதல் காரியம். பாலம் கட்டும் நெடுஞ்சாலைத் துறை, கால்வாய் வெட்டும் நீர்வளத் துறை, வடிகால் போடும் மாநகராட்சி, மனைக்கு அனுமதி தரும் குழுமம் நால்வரும் ஒரே வெள்ள மட்டத்தை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால் போதும், பெரிய செலவில்லாமல் பெரிய மாற்றம் வரும். ஒருவர் அகலமாக வெட்டிய கால்வாய், அடுத்தவர் கட்டிய குறுகலான சிறுபாலத்தில் போய் முட்டிக்கொண்டு நிற்பதை மழைக்காலத்தில் நம் பக்கம் எங்கே வேண்டுமானாலும் பார்க்கலாம்.

மேலே இருக்கும் கிராமம் ஏன் ஒத்துழைக்க வேண்டும்? அவர்களுக்கு என்ன லாபம்?

நேர்மையான கேள்வி. ஒரு ஊராட்சி தன் ஏரியைத் தூர்வாரி, வரத்துக் கால்வாயை மீட்டு, ஏரிக்குக் கீழே இருக்கும் தாழ்நிலத்தில் வீடு கட்ட விடாமல் பிடித்துவைத்தால் லாபம் கீழே இருக்கும் நகரத்துக்கு. இழப்பு அந்த ஊருக்கு. ரியல் எஸ்டேட் விலை ஏறும் இடத்தில் நிலத்தைச் சும்மா வைத்திரு என்று வெறும் வாயால் சொன்னால் யார் கேட்பார்கள்? நகரம் அதற்குப் பணம் தர வேண்டும். குடிநீர் வரியிலோ சொத்து வரியிலோ ஒரு சிறு பங்கை எடுத்து, மேல்படுகை ஊராட்சிகளுக்கு ஏரிப் பராமரிப்புக்காக ஆண்டுதோறும் கொடுக்கலாம். ஆயிரம் லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் செலவைப் பார்த்தால், அதே ஆயிரம் லிட்டரை ஒரு ஏரியில் தேக்கிவைப்பது மலிவு. இது தர்மம் இல்லை, வாங்கும் சேவைக்கு விலை.

அந்தக் காலத்தில் எப்படிச் சமாளித்தார்கள்?

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, 10ஆம் நூற்றாண்டின் முதல் பாகத்தில், ஏரி வாரியம் என்றே ஒரு குழுவைச் சொல்கிறது. ஏரிகள் சங்கிலிபோல இருந்தன. மேல் ஏரியின் கலங்கல் தண்ணீர்தான் அடுத்த ஏரிக்கு வரத்து. கலங்கல் கல்லின் உயரத்தில் ஒரு விரற்கடை கூட்டினாலும் கீழ் ஊர்க்காரர் வந்து கேட்பார். அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. வாரியத்தில் எல்லாச் சாதிக்கும் இடம் இருக்கவில்லை, பெண்களுக்கு இருக்கவே இல்லை. ஆனால் "உன் உபரி என் வரத்து" என்ற கணக்கு ஊருக்குத் தெரிந்திருந்தது.

சரி, குடியிருப்பவர்கள் நாங்கள் என்ன செய்ய முடியும்?

முதலில் உங்கள் தெருவுக்குத் தண்ணீர் எந்த ஏரியிலிருந்து வருகிறது, இங்கிருந்து எங்கே போகிறது என்று நடந்து பாருங்கள். கோடையிலேயே போங்கள், அப்போதுதான் வாய்க்கால் தெரியும். எங்கள் தெருக்காரர்கள் ஆறு பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் புதர் வாய்க்காலைப் பிடித்துக்கொண்டே மேலே நடந்தோம். இரண்டு இடத்தில் வீட்டு மதில், ஓரிடத்தில் சாலைக்கு அடியில் பாதி மண் மூடிய குழாய், கடைசியில் ஏரிக் கரை. கலங்கல் பக்கத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர், "உங்க ஊருக்குத்தான் இந்தத் தண்ணி போகும்" என்று கையை நீட்டிக் காட்டினார். பதினைந்து வருஷம் குடியிருந்தும் எங்களுக்குத் தெரியாததை ஒரு நிமிஷத்தில் சொல்லிவிட்டார். அவருடைய கைபேசி எண்ணை வாங்கி வைத்துக்கொண்டோம்.

அப்புறம், கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது. மேல் ஊரிலும் கீழ் ஊரிலும் ஒரே வாசகத்தில் தீர்மானம் போடச் சொல்லுங்கள். இரண்டு மாவட்ட ஆட்சியருக்கும் ஒரே கோரிக்கை போய்ச் சேரும்போது அதைப் "பக்கத்து மாவட்ட விவகாரம்" என்று ஒதுக்க முடியாது. மாநகராட்சியில் இருப்பவர்கள் பகுதி சபையில் கேட்கலாம். சென்னைப் பெருநகரத்துக்கு மூன்றாவது முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்) தயாராகி வருகிறது. கருத்துக் கேட்கும்போது உங்கள் ஏரியின் சர்வே எண்ணோடு எழுதிக் கொடுங்கள்.

அவசரத்துக்கு மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077. எல்லையோர ஊர்க்காரர்கள் பக்கத்து மாவட்டத்துக் கட்டுப்பாட்டு அறையின் தரைவழி எண்ணையும் சேர்த்து எழுதி, மின்சாரம் போனாலும் கண்ணில் படும் இடத்தில் ஒட்டிவையுங்கள்.

எங்கள் சங்கம் இப்போது செய்வது இன்னொன்று. 2015இல் தண்ணீர் நின்ற உயரத்தை ஒவ்வொரு தெருமுனை மின்கம்பத்திலும் சிவப்புப் பெயிண்டில் கோடு போட்டு, பக்கத்தில் ஆண்டை எழுதியிருக்கிறோம். வரதராஜபுரத்து நண்பர்களிடமும் அதே டப்பாவைக் கொடுத்தனுப்பினோம். அவர்கள் பக்கத்தில் கோடு எங்களதைவிட ஒரு சாண் மேலே இருக்கிறது. இரண்டு பக்கத்து அளவையும் சேர்த்து ஒரே தாளில் எழுதி, இரண்டு ஆட்சியர் அலுவலகத்திலும் போன மாதம் கொடுத்துவிட்டு வந்தோம்.